கொள்ளுப்பாட்டிக்கு ஓட்டு இருந்ததா? முதலில் பட்டாவைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம், கொள்ளுப்பாட்டி வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1920-இல், ஓட்டுப் போட்டவர் என்றும் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டவர் என்றும் வீட்டில் சொல்கிறார்கள், சுதந்திரத்துக்கு முன்னால் பெண்களுக்கு ஓட்டு இருந்ததா, இதை நம்பலாமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டம் பெண்களை அனுமதித்ததா என்பது ஒன்று. அப்படி அனுமதிக்கப்பட்ட மிகச் சில பெண்களில் உங்கள் கொள்ளுப்பாட்டியும் ஒருவரா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கான பதில் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கிஸ்தி (நில வரி) ரசீதில் இருக்கலாம்.

சட்டத்தின் கதையை முதலில் பார்ப்போம். 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர். மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றார்கள். கசின்ஸ் அயர்லாந்தில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றவர். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்போர்டையும் சந்தித்து, ஆண்களுக்கு என்ன தகுதியோ அதே தகுதியில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. யாருக்கு ஓட்டு என்று பரிந்துரைக்க அடுத்து வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகம் இதற்குத் தயாராக இல்லை என்று மறுத்தது. ஹீராபாய் டாட்டாவும் அவர் மகள் மிதனும் 1919-இல் லண்டனுக்கே போய் வாதாடினார்கள். கடைசியில் 1919 இந்திய அரசுச் சட்டம் பெண்களுக்கு நேரடியாக உரிமை தரவில்லை. வேண்டுமென்றால் அந்தந்த மாகாணச் சட்டசபையே தீர்மானம் போட்டுத் தடையை நீக்கிக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது. சென்னைச் சட்டசபை 1921 ஏப்ரலில் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் மாகாணங்களில் இதுதான் முதல்.

ஆகவே ‘1920’ என்பது நிச்சயம் பொருந்தாது. சென்னைச் சட்டசபைக்கான முதல் தேர்தல் 1920 நவம்பரில் நடந்தபோது பெண்களுக்கான தடை அப்படியே இருந்தது. சட்டசபைத் தேர்தலில் ஒரு பெண் ஓட்டுப் போட்டிருக்கக்கூடிய முதல் வாய்ப்பு 1923 பொதுத் தேர்தல்தான். அதற்காகப் பாட்டியைப் பற்றிய பேச்சே பொய் என்று தூக்கிப்போட வேண்டாம். வாய்வழிச் செய்தியில் நிகழ்ச்சி நிற்கும், ஆண்டு நழுவும். ‘இருபதுகளில்’ என்பது ‘1920-இல்’ ஆவது மூன்று தலைமுறையில் சகஜம்.

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. ‘1921-லேயே சென்னை மாகாணத்துப் பெண்களுக்கெல்லாம் ஓட்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கியது பெண் என்ற தடை மட்டும்தான். சொத்துத் தகுதி ஆணுக்கு எப்படியோ பெண்ணுக்கும் அப்படியே நின்றது. கிராமத்தில் ஆண்டுக்கு 10 ரூபாய்க்குக் குறையாத தீர்வை (அரசுக்குக் கட்டும் நில வரி) உள்ள நிலம் தன் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். நகராட்சிப் பகுதியில் 3 ரூபாய்க்குக் குறையாத வரி செலுத்தியிருக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வருமான வரி கட்டியவர், படையில் இருந்து ஓய்வு பெற்றவர் போன்ற வழிகளும் இருந்தன. டெல்டா கிராமத்துப் பெண்ணுக்கு அவற்றால் பயன் அநேகமாக இல்லை. நம் பக்கம் ரயத்துவாரி முறை. மிராசுதார், அதாவது நிலச் சொந்தக்காரர், நேரடியாகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டினார். நஞ்சைத் தீர்வை நிலத்தின் தரத்தையும் பாசனத்தையும் பொறுத்து மாறும். நல்ல ஆற்றுப் பாசன நஞ்சையாக இருந்தால் சில ஏக்கரே அந்தப் பத்து ரூபாயைத் தொட்டுவிடும். எனவே காவிரிப் படுகையில் நிலத்தின் அளவு பெரிய தடையாக இருந்திருக்காது. யார் பெயரில் பட்டா என்பதுதான் தடை.

அதைப் புரிந்துகொள்ள அன்றைய இந்துச் சொத்துரிமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓட்டு அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை. மனைவிக்கும் விதவைக்கும் ஜீவனாம்சம் உண்டு, அவ்வளவுதான். வாக்காளர் விதிகளும் கூட்டுக் குடும்பத்தை ஓர் அலகாக எடுத்துக்கொண்டு, அதை நிர்வகிப்பவர் ஒருவருக்கு ஓட்டைக் கொடுத்தன. அதாவது ஐம்பது ஏக்கர் மிராசு வீட்டு மருமகளுக்கும் ஓட்டு இல்லை. ஆனால் கணவர் அண்ணன் தம்பிகளோடு முறையாகப் பாகம் பிரிந்து, ஆண் வாரிசு இல்லாமல் இறந்திருந்தால், நிலம் விதவையின் கைக்கு வந்தது. விற்க உரிமை குறைவு, ஆயுள் வரைதான் அனுபவம். இருந்தாலும் பட்டா அவர் பெயருக்கு மாறியது, ஓட்டும் கூடவே வந்தது. அடுத்து, பிறந்த வீட்டார் மகளுக்கு எழுதிக் கொடுத்த மஞ்சக்காணி நிலம். கடன்காரரிடமிருந்தோ பங்காளியிடமிருந்தோ காப்பாற்றிக்கொள்ளக் கணவர் மனைவி பெயரில் வாங்கிய நிலமும் உண்டு. எந்த எண்ணத்தில் வாங்கியிருந்தாலும் பட்டாவில் அந்த அம்மாள் பெயர் இருந்தால் வாக்காளர் அவர்தான்.

இன்னும் இரண்டு கூட்டத்தாரைச் சொல்லாமல் விட்டால் டெல்டாவின் படம் முழுமையாகாது. நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் பெண்களுக்கு அவர்கள் சட்டப்படியே பங்கு உண்டு. அவர்கள் அன்று முஸ்லிம்களுக்கென்றே இருந்த தனித் தொகுதிகளின் வாக்காளர்கள், எனவே தனிப் பட்டியலில் தேட வேண்டும். மற்றவர்கள் கோயில் பணி மானியம் பெற்ற தேவதாசிகள். பெண் வழியாகச் சொத்து இறங்கிய சமூகம் அது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு 1927-இல் துணைத் தலைவரும் ஆனார். அவர் முயற்சியால் 1929-இல் வந்த அறநிலையச் சட்டத் திருத்தம், கோயில் பணி செய்தே ஆக வேண்டும் என்ற கட்டை நீக்கி மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே உரியதாக்க வழி செய்தது. அப்படி நிலம் பெற்றவர்களில் தகுதியான தீர்வை உள்ளவர்கள் வாக்காளர்களாகியிருப்பார்கள் என்பது என் ஊகம். சட்டம் இடம் கொடுத்தது என்பது மட்டும் உறுதி. மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த முறையையே எதிர்த்து ஊர் ஊராகப் பேசியதும் இதே காலம்தான். ஒரு பெண்ணுக்குத் தன் உடல் மீதும் தன் நிலம் மீதும் என்ன உரிமை என்ற கேள்வியும் ஓட்டும் ஒரே மேடையில் பேசப்பட்டன. இவற்றைத் தனித்தனி வரலாறாகப் பிரித்து எழுதுவது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

1935 சட்டம் வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தியது. மாதர் சங்கங்கள் கேட்டது வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. கிடைத்தது அது அல்ல. கல்வித் தகுதியும், குறிப்பிட்ட சொத்துள்ளவரின் மனைவி என்ற தகுதியும் சேர்ந்தன. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. தன் பெயரில் ஒரு குழி நிலம்கூட இல்லாத பெண்கள் பலர் பட்டியலில் ஏறியது 1937 தேர்தலில்தான். எனவே நிலப் பத்திரம் எதுவும் அகப்படாவிட்டால், குடும்பக் கதை சொல்வது 1937 ஆக இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. அந்தத் தேர்தலில் கட்சிகளுக்கு நிறப் பெட்டிகள். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. வீட்டுப் பெரியவர்கள் யாராவது ‘மஞ்சப் பெட்டியில போட்டாங்க’ என்று சொல்லக் கேட்டிருந்தால் அது 1937-ஐக் காட்டும் வலுவான சாட்சி. பெட்டியின் மேல் இரட்டைக் காளையோ கதிர் அரிவாளோ ஒட்டியிருந்தது என்று சொன்னால் அது 1952 அல்லது 1957. சீட்டில் பல சின்னங்கள் அச்சாகி, அதில் முத்திரை குத்தியதாகச் சொன்னால் அதற்கும் பிந்தியது. பெரியவர்களிடம் ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் குழப்பம்தான் வரும். ‘பெட்டி எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள்.

அதே 1937-இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்து, மகனுக்குச் சமமாக விதவைக்கும் பங்கு தந்தது. டெல்டாக்காரர்கள் இதைப் படித்தவுடன் ‘அப்படியானால் நிலம் கிடைத்திருக்குமே’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விவசாய நிலம் மாகாண அதிகாரத்தில் வருவதால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு விவசாய நிலத்துக்கும் அதை நீட்டியது 1947-இல். நடுவில் பத்து ஆண்டுகள். தஞ்சை ஜில்லாவில் சொத்து என்றாலே வயல்தான் என்பதால், அந்தப் பத்து ஆண்டுகளில் இங்கே கணவனை இழந்தவர்கள் எவ்வளவு இழந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி உப்புச் சத்தியாகிரகம். ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரண்யம் போனார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியதும் ராஜாஜி கைதானார். வேதாரண்யத்தில் கைதாகி ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்ற ருக்மிணி லட்சுமிபதி, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அறியப்படுகிறார். 1937-இல் சட்டசபைத் துணைத் தலைவரும் 1946-இல் அமைச்சரும் ஆனார். உங்கள் கொள்ளுப்பாட்டியைப் பொறுத்தவரை ‘கலந்துகொண்டார்’ என்ற சொல்லை நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதச் சிறை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். அதையும் மீறிச் சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியிலிருந்த மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தச் சோற்றை வடித்தவர்கள் யார்? எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத பெண்கள். பாதை உங்கள் பக்கமாகவே போனதால், அப்படி ஒரு பங்கு இருந்திருக்க முழு வாய்ப்பு உண்டு. அதற்குத் தாள் சாட்சி கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சிறைக்கே போயிருந்தால் கதை வேறு. தண்டனைத் தீர்ப்பும் சிறைப் பதிவும் இருக்கும். 1972-இல் தொடங்கி 1980-இல் விரிவாக்கப்பட்ட மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத்துக்கு ஆண்களுக்கு ஆறு மாதச் சிறை தேவை, பெண்களுக்கு மூன்று மாதமே போதும். பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கோப்பையும் கேளுங்கள்.

ஓட்டையும் சத்தியாகிரகத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு முரண் போலத் தோன்றும். 1930 சட்டசபைத் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. உப்புக்காக நின்ற ஒரு பெண், தன்னிடம் இருந்த ஓட்டை அந்த ஆண்டு வேண்டுமென்றே போடாமல் இருந்திருப்பார். முத்துலட்சுமி ரெட்டியே அந்த ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியைத் துறந்தார். எனவே ‘1930-இல் அவர் ஓட்டுப் போடவில்லை’ என்று யாராவது சொன்னால் அது ‘ஓட்டு இல்லை’ என்பதற்குச் சான்று ஆகாது.

ஒருவேளை உங்கள் குடும்பம் நிலமில்லாத குடும்பமாக இருந்தால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: 1952-க்கு முன்னால் ஓட்டு இருந்திருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. பண்ணையாளாக இருந்த பெண், நடவும் களையும் செய்து அந்த நஞ்சையை விளைய வைத்தவர். தீர்வை ரசீது மிராசுதார் பெயரில். 1921 தீர்மானமும் 1935 சட்டமும் அவர் குடிசைப் பக்கம் வரவில்லை. விதவைக் கோலத்தை உதறி, முடியைக் கத்தரித்து, வேட்டி சட்டை அணிந்து பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய மணலூர் மணியம்மை அவர்களோடு நின்றார். அரசியல் சட்டத்தின் 326-ஆம் பிரிவு 21 வயதான எல்லோருக்கும் ஓட்டுத் தந்த பிறகு, 1952 ஜனவரியில் அந்தப் பெண்களும் மிராசுதார் வீட்டு அம்மாளும் ஒரே வரிசையில் நின்றார்கள். தஞ்சை ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில்.

சரிபார்க்கும் வேலைக்கு வருவோம். 1947-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலையே தேடி அலைவது பெரும்பாலும் வீண். ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக அச்சாகிப் பழையது கழிக்கப்பட்ட தாள் அது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம், ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுத் தகுதியை நிலத்தின் வழியாக நிரூபிப்பதே சுலபம். முதலில் வீட்டில் உள்ள பழைய கிஸ்தி ரசீதுகள். அவற்றில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் நில வரி ஆண்டுக் கணக்கில், இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1332 என்றால் 1922 ஜூலை முதல் 1923 ஜூன் வரை. 1923 தேர்தலுக்கு உங்களுக்கு வேண்டியது ஏறக்குறைய அதுதான். ரசீதில் தீர்வையோடு செஸ் (கூடுதல் வரி) முதலிய உபரிகளும் சேர்ந்திருக்கும், மொத்தத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தீர்வை மட்டும் 10 ரூபாயைத் தொடுகிறதா என்று பாருங்கள். பணம் ரூபாய், அணா, பை என்று இருக்கும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா.

ரசீது இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று குறிப்பிட்ட ஓர் ஆண்டிலிருந்துதான். அதற்கு முந்தையதற்கு நேரில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என்று இரண்டு உண்டு. இரண்டிலும் தேடச் சொல்லுங்கள், ஏனென்றால் பெண்களின் பெயர் அடிக்கடி தவறிப்போகும். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பத்திரத்தில் வேறு. ‘அம்மாள்’, ‘ஆச்சி’, ‘ஆயி’ என்று பின்னொட்டு மாறும். ‘இன்னார் பெண்சாதி’, ‘இன்னார் விதவை’ என்று கணவர் பெயரின் கீழ் ஒளிந்திருக்கும். நீங்கள் முக்கியமாகத் தேட வேண்டியது கொள்ளுத்தாத்தாவின் பாகப் பிரிவினைப் பத்திரம். அது 1923-க்கு முன் பதிவாகியிருந்து, அவர் அதற்குப் பிறகு மகனில்லாமல் இறந்திருந்தால், பாட்டி பெயரில் பட்டா இருந்திருக்கும் என்பதற்கு அது பலமான அடிப்படை. அவருக்கு மகன் இருந்தால் அந்த வழி அடைபடும். மஞ்சக்காணி அல்லது கிரயப் பத்திரத்தைத் தேட வேண்டும். கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) எழுதிய பழைய கிராமக் கணக்கில் பத்தாம் நம்பர்க் கணக்கான சிட்டா பட்டாதார்வாரியாக இருக்கும். தாலுகா அலுவலகத்தில் தப்பியிருந்தால் அதுவே முடிவான சாட்சி. நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு சர்வே எண்கள் உட்பிரிவாகி மாறியிருப்பதால், இன்றைய பட்டா எண்ணைக் கொடுத்துத் தேடச் சொன்னால் எதுவும் அகப்படாது. பழைய சர்வே எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு போங்கள்.

உங்களுடையது கும்பகோணம் பக்கம் என்பதால் இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரான்ஸ் பெண்களுக்கு வாக்குரிமை அறிவித்தது 1944 ஏப்ரலில், அந்தக் கதை வேறு ஆவணங்களில். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். இந்த இரண்டு இடத்துப் பாட்டிகளுக்கும் மேலே சொன்ன 10 ரூபாய்க் கணக்கைப் போட வேண்டாம்.

1952 தேர்தலுக்கான பட்டியல் தயாரித்தபோது நாடு முழுவதும் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்றே சொல்லித் தங்கள் பெயரைத் தராததால் நீக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில்தான். நம் பக்கம் அந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. எனவே உங்கள் கொள்ளுப்பாட்டி 1952-இல் உயிரோடு இருந்தால் அந்தப் பட்டியலில் சொந்தப் பெயரோடு இருக்க வேண்டும். அந்தப் பெயரின் எழுத்துக்கூட்டைக் குறித்துக்கொண்டு பத்திரப் பதிவு அட்டவணைக்குப் போங்கள். அங்கே தேட வேண்டிய பெயர் அதுவாகத்தான் இருக்கும்.